வந்துச்சு, அனுப்புனேன்

அந்த மனிதரின் உடம்பில் உழைத்த உறுப்பு என்று சொன்னால் வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான். மற்றதெல்லாம் சும்மா கூட வந்தவை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுவரிலிருந்து ஒயர் இழுத்து, அதன் முனையில் போனைச் செருகி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விடிந்து நான் மீன் மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்த விரல் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். மத்தியானம் திரும்பும்போதும் போய்க்கொண்டிருக்கும். ஆடு அசைபோடுகிற மாதிரி. ஆடாவது தான் தின்றதைத்தான் அசைபோடும்.

பேர் சொல்ல மாட்டேன். எண்ணூரில் எங்கள் தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பார்வேர்டு சார் என்பார்கள். பார்வேர்டு என்றால் போனில் வந்த சேதியை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது. கிண்டலுக்கு வைத்த பேர். அவரோ பட்டம் கொடுத்த மாதிரி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

நான் மீன் ஆய்கிறவள். விற்கிறவள் இல்லை. வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் செதில் சீவி, செவுள் எடுத்து, துண்டு போட்டுத் தருகிறவள். மார்க்கெட் வரிசையின் கடைசியில் என் இடம். என் மாமியார் உட்கார்ந்த இடம், அவருக்குப் பிறகு எனக்கு. என் அரிவாள்மணைக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் பையைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நின்றிருக்கிறார்கள். அவசரப்படுத்தினால் கடைசியில் நிற்க வைப்பேன். அதனால் என்னிடம் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

போன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் தம்பி மகன் துபாயில் இருக்கிறான். அவன் வாங்கிக் கொடுத்த போன் என்னிடமும் உண்டு. அவன் முகத்தைப் பார்த்து, இளைத்துவிட்டாயே என்று திட்டுவேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தெருவில் எல்லோரும் சேர்ந்த வாட்சப் கூட்டத்தில் நானும் இருந்தேன். அதனால்தான் அந்த மனிதரின் சரக்கு எனக்கும் தினம் வந்து விழுந்தது.

விடிந்ததும் சாமி வரும். செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை அம்மன், ஞாயிற்றுக்கிழமை ஏசு, பெருநாளைக்குப் பிறை. சுற்றி ரோஜாப்பூ, கீழே காலை வணக்கம். எல்லா சாமியையும் ஒன்றாகப் பார்க்கிறாரே என்று சிலர் மெச்சினார்கள். பார்த்தால்தானே ஒன்றாகப் பார்க்க? சாமிகள் எல்லாம் அவர் வழியாகப் போயினவே தவிர, ஒன்றுகூட அவரிடம் தங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். தெருவே அங்கே இருந்தது. இவர் மட்டும் நாற்காலியில்.

"இன்னா சாரு, கோயிலுக்கு வர்ல?" என்றேன்.

"காலைலயே அம்மன அனுப்பிட்டேனேம்மா!"

அனுப்பிவிட்டாராம். எந்தத் தெருவுக்கு, எந்த வீட்டுக்கு என்று சொல்லி அனுப்பினாரோ, பாவம் அம்மன். கூழ் வாங்கிப் போக அவர் பெண்சாதிதான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மா நல்ல மாதிரி. வாரம் தவறாமல் என்னிடம்தான் மீன் ஆய்ந்துகொண்டு போகும்.

சாமியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை, இன்று மத்தியானம் கடல் ஊருக்குள் வருகிறது, உடனே வெளியேறவும் என்று ஒன்று வந்தது. இவர் அதைத் தெருக் கூட்டத்துக்கு அனுப்பினார், மார்க்கெட் கூட்டத்துக்கு அனுப்பினார், யார் யார் நம்பர் இருந்ததோ எல்லோருக்கும் அனுப்பினார். எனக்குப் பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்கிற மேரிக்கு வீடு முகத்துவாரக்குப்பத்தில். அன்றைக்கு மணலில் நெத்திலி காயப் போட்டிருந்தாள். சுனாமியில் கடல் அடித்து ஓடின ஞாபகம் உள்ள சனங்கள், நின்று விசாரிப்பார்களா? கிழவிகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கடல் வரவில்லை. காக்காயும் நாயும்தான் வந்தன. நெத்திலியைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போயின.

மறுநாள் மேரி அவர் வாசலில் போய் நின்றாள். நான் கூட இருந்தேன்.

"கடலு வருதுன்னு போட்டியே சாரு, எங்க வந்துச்சு?"

"எனக்கு வந்துச்சும்மா. அனுப்புனேன்."

"இன்னா வந்துச்சு, கடலா?"

"சேதிம்மா."

மேரிக்கு வாய் நீளம். திட்டத்தான் வாயைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் திமிர் இருந்தால் திட்டலாம். பொய் இருந்தால் பிடிக்கலாம். கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. அவளும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்? திரும்பி வந்துவிட்டோம்.

இன்னொரு நாள் காலையில் தெரு முழுக்க ஒரு நாற்றம். கண் எரிந்தது, தொண்டை கமறியது. எங்கிருந்து என்று எங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினோம். இவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஊற்ற, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எந்திரி சாரு, கண்ணு எரியல உனக்கு?" என்று கத்தினேன்.

"எரியுதும்மா. ஆனா இன்னும் ஒண்ணும் வரலையே."

அவர் பெண்சாதிதான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. சொந்த மூக்கு சொன்னால் போதாது, சொந்தக் கண் அழுதால் போதாது. ஊர் பேர் தெரியாத எவனோ எழுதி அனுப்ப வேண்டும். அப்புறம்தான் எழுந்து ஓடுவார். இப்படி ஒரு பிறவி.

அப்புறம் தமிழர் பெருமை. நம் முன்னோர் முட்டாள்களா என்று ஆரம்பிக்கும். முன்னோர் மண்பானையில் குடித்தார்கள், முன்னோர் வேப்பங்குச்சியில் தேய்த்தார்கள். ஒருநாள் சாம்பல் வந்தது. அடுப்புச் சாம்பலில் பல் துலக்கினார்கள், பாத்திரம் தேய்த்தார்கள், விஞ்ஞானம் இன்றுதான் கண்டுபிடிக்கிறது, தமிழனாக இருந்தால் பகிருங்கள் என்று. இதை மறந்துவிடாதீர்கள். அதே வாரம் வந்ததுதான் என் தலையில் விழுந்தது.

கெளுத்தி மீனைத் தெரியும் அல்லவா? செதில் கிடையாது. உடம்பெல்லாம் வழவழப்பு. வெறும் கையில் பிடித்தால் நழுவும். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள். குத்தினால் தோள் வரைக்கும் கடுக்கும். அதனால் கெளுத்தி ஆய்கிறவள் கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்வாள், மீனையும் சாம்பலில் ஒரு புரட்டுப் புரட்டுவாள். பிடி நிற்கும், வழவழப்பும் போகும். அப்புறம் தண்ணீரில் கழுவினால் மீன் பளிச்சென்று ஆகிவிடும். என் சாம்பல் இட்லிக் கடை விறகடுப்பிலிருந்து வருவது. கரி பொறுக்கி, சலித்து, டப்பாவில் வைத்திருப்பேன்.

யாரோ ஒரு வழிப்போக்கன் வண்டியில் உட்கார்ந்தபடி என் கையை வீடியோ பிடித்துப் போயிருக்கிறான். முகம் இல்லை. கை, சாம்பல், கெளுத்தி. பின்னால் தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. எங்கள் ஊரில் எங்கே நின்று படம் எடுத்தாலும் அது பின்னால் வந்து நிற்கும், கல்யாணப் படத்தில்கூட நிற்கும். அது போதும் அவனுக்கு. மின் நிலையத்துச் சாம்பலில் புரட்டிய விஷ மீன், எண்ணூர் மக்களே உஷார் என்று எழுதிவிட்டான். சாம்பல் என்றால் எங்கள் ஊரில் அடுப்பு யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. அந்தப் புகைபோக்கிதான் வரும். அதனால் பார்த்தவர்கள் எல்லாம் உடனே நம்பினார்கள்.

எங்கோ சுற்றியிருக்க வேண்டியது. பார்வேர்டு சாருக்கு வந்தது. அவர் எங்கள் தெருக் கூட்டத்துக்கு அனுப்பினார். மார்க்கெட் கூட்டத்துக்கும் அனுப்பினார்.

முகம் இல்லாவிட்டால் என்ன? என் வலது முன்கையில் பச்சை குத்திய தேள் உண்டு. பதினாறு வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் குத்திக்கொண்டது. இந்த மார்க்கெட்டில் அந்தத் தேளைத் தெரியாதவர் கிடையாது. நான் அதை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். வி, ஷ, விஷ, மீ, ன். மெதுவாகப் படிக்கிறவளுக்கு வசவும் மெதுவாகத்தான் ஏறும். ஏறினது இறங்கவில்லை.

அடுத்த நாளே என் முன்னால் ஆள் இல்லை. வாங்கிய மீனைப் பையில் போட்டுக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல், வீட்டிலேயே ஆய்ந்துகொள்கிறோம் என்று போனார்கள். வீட்டில் ஆயத் தெரிந்தவர்களா அவர்கள்? மூன்றாம் நாள் மார்க்கெட் சங்கத் தலைவர் வந்து நின்றார். நெற்றி நிறையப் பட்டை.

"யக்கா, கொஞ்ச நாளிக்கு வூட்ல குந்து. ஜனம் பேஜாராவுது. ஒன்னால மீன் விக்கிறவளுங்களுக்கும் கெட்ட பேரு."

"நெத்தில இன்னா பூசிக்கினு கீற?" என்றேன்.

"இன்னா கேள்வி இது? துண்ணூரு."

"அது இன்னாத்துல பண்றது?"

"யக்கா, அது சாமி சாம்பலு. இது வேற."

மேரி சும்மா இருப்பாளா? "எங்க கோயில்ல சாம்பல் புதனுக்கு ஃபாதரு நெத்தில பூசி வுடுறாரு. அப்ப நாங்கல்லாம் செத்துப் பூட்டோமா தலைவரே?"

தலைவருக்குக் கோபம். "ஞாயித்துக்கெழம பாப்பேன். அன்னிக்கும் ஒன் முன்னால ஆள் நிக்கலன்னா எடத்த வேற ஆளுக்கு வுட்டுருவேன். அப்பால என்ன கொற சொல்லாத" என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் மார்க்கெட்டுக்குத் திருநாள். அன்றைக்கு ஆள் நிற்காத இடத்தில் அப்புறம் என்றைக்கும் நிற்காது. என் மாமியார் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாக்கிய கல் அங்கே கிடக்கிறது. அதை இன்னொருத்தி காலடியில் விட்டுவிட்டு நான் வீட்டில் குந்தவா?

சாயந்தரம் அவர் வாசலுக்குப் போனேன். நாற்காலி, ஒயர், விரல்.

"சாரு, அந்த வீடியோல கீறது என் கையி."

"எந்த வீடியோம்மா?"

"சாம்பலு வீடியோ. மீனு."

விரலால் மேலே தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். சாமி போயிற்று, மூட்டு வலி மருந்து போயிற்று, எந்த நாட்டுச் சண்டையோ போயிற்று. கடைசியில் கிடைத்தது. "ஆமா, இதுவா. அனுப்பியிருக்கேன்."

"நீ பாக்கலயா?"

"எல்லாத்தையும் பாத்துனு இருந்தா எப்பம்மா அனுப்பறது?"

கேட்டுக்கொள்ளுங்கள். இதுதான் அவர் சொன்னது.

"சரி. அது தப்பு, அது வெறகடுப்பு சாம்பலுன்னு இப்ப ஒண்ணு போடு சாரு. நீ போட்டா எல்லாரும் பாப்பாங்கோ."

அவர் முகத்தில் முதல்முறையாகப் பயம் மாதிரி ஒன்று வந்தது. "நானாவா? நானா எதுவும் போடறது இல்லம்மா. வர்றத அனுப்பறேன். அது தப்புன்னு யாராச்சும் அனுப்புனா அதையும் அனுப்பறேன். நமக்கு பாரபட்சம் கெடையாது."

உள்ளேயிருந்து அவர் பெண்சாதி வந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது. "இவரு கிட்ட மாரடிக்காதம்மா. கம்பெனில இவருக்கு இன்னா வேல தெரியுமா? தபால் வந்தா முத்திர குத்தி அடுத்த டேபிளுக்குத் தள்ளுறது. ரிட்டயர் ஆவுற வரிக்கும் அதான். என் கிட்டயே தானா ஒரு வார்த்த சொன்னது கெடையாது. கொழம்பு நல்லாக்கீதான்னு கேட்டா, பக்கத்து வூட்டுக்காரங்க நல்லாக்கீதுன்னு சொன்னாங்கன்னுவாரு" என்றது.

அவர் அதற்கும் சிரித்தார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? வரவில்லை. வெற்றுப் பானை என்றால் ஒரு மூலையில் கிடக்கட்டும். என் தலையில் வந்து ஏன் விழ வேண்டும்?

சனிக்கிழமை காலையில் அவரே மார்க்கெட்டுக்கு வந்தார். பிறந்ததிலிருந்து மீன் பை தூக்கியிருக்க மாட்டார். பெண்சாதி அனுப்பியிருக்கிறது. கெளுத்திதான் வேண்டும், அக்கா கையில்தான் ஆய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. அந்த அம்மா லேசுப்பட்டது இல்லை. மேரியிடம் உயிர் துடிக்கிற கெளுத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஒரு கையில் பை, ஒரு கையில் போன்.

"யம்மா, சாம்பல் மட்டும் போடாதம்மா. வெஷமாம். வந்துச்சு."

மேரி என்னைப் பார்த்தாள். நான் மேரியைப் பார்த்தேன். என் கையையே அனுப்பி, என் கையையே கெடுத்து, என் கை முன்னாலேயே நின்று சொல்கிறார்.

டப்பாவை மூடித் தள்ளி வைத்தேன். "சரி சாரு. சாம்பலு இல்லாம எனக்குப் புடிக்க வராது. முள்ளு கீது, குத்தும். நீ புடிச்சிக்கோ, நான் வெட்றேன்."

குத்தும் என்று சொன்னேன். மேரி சாட்சி. அவர் காதில் விழுந்திருக்காது, போனில் வரவில்லை அல்லவா. போனை மேரி கல் மேல் வைத்துவிட்டுக் கெளுத்தியை நடுவில் பிடித்தார். அது ஒரு வழுக்கு வழுக்கி, ஒரு துள்ளுத் துள்ளி, முள்ளை நேராக அந்தக் கட்டைவிரலில் ஏற்றிவிட்டுச் சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. நான் ஏற்பாடு செய்தது இல்லை. கையில் பத்து விரல் இருக்க, அது பார்த்துப் பொறுக்கிய விரல் அது.

"ஐயோ! அம்மா! ஐயய்யோ!" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அவராகச் சொல்லி நான் கேட்ட வார்த்தைகள் அவைதான்.

இட்லிக் கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து அவர் கையைப் பிடித்து அதில் வைத்தேன். கெளுத்தி விஷத்துக்கு வெந்நீர்தான் கேட்கும். குழந்தை மாதிரி விசும்பினார். அதுவரைக்கும் செய்தேன். மனுஷ ஜாதி என்றால் அதுவரைக்கும் செய்ய வேண்டும்.

மேரி எல்லாவற்றையும் தன் போனில் பிடித்திருந்தாள். வேறொரு கெளுத்தியை என்னிடம் கொடுத்தாள். நான் சாம்பலில் புரட்டி, ஆய்ந்து, கழுவித் தூக்கிக் காட்டினேன். அதையும் அதே வீடியோவில் பிடித்தாள். கூடவே அவள் குரல்: "பாத்துக்கோ ஜனங்களே. சாம்பலு இல்லாம கெளுத்தி புடிச்சா அந்தக் கதி. இது இட்லிக் கட அடுப்பு சாம்பலு, தோ கட, தோ அடுப்பு. அக்கா கையி தங்கக் கையி. கலீஜா பேசினவன் வாய கழுவிக்கினு வா!"

அவள் அதை ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினாள். யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

அன்று சாயந்தரம் எங்கள் தெருக் கூட்டத்தில் வந்து விழுந்தது. மார்க்கெட் கூட்டத்தில் விழுந்தது. எங்கெங்கே அவர் விஷ மீனை அனுப்பினாரோ அங்கெல்லாம் போய் விழுந்தது. தான் கத்துவதைத் தானே ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார் மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் வரிசை இட்லிக் கடையைத் தாண்டி நின்றது. கெளுத்தி வாங்காதவர்கள்கூடக் கெளுத்தி வாங்கிக்கொண்டு வந்தார்கள். "யக்கா, சாரு புடிச்ச மீனு கீதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முந்தின நாள் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். எல்லோரையும் ஞாபகம் வைத்து, நன்றாக நிற்க வைத்துத்தான் ஆய்ந்து கொடுத்தேன். தலைவரும் பையோடு வந்தார். வரிசைக் கடைசியைக் காட்டினேன். போய் நின்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் வாசலில் நின்றேன். வலது கட்டைவிரலில் துணிக்கட்டு. இடது விரல் போய்க்கொண்டிருந்தது.

"ரொம்ப டேங்ஸு சாரு."

"எதுக்கும்மா?"

"நேத்து வீடியோ அனுப்பினதுக்கு. பாத்தியா?"

"எங்கம்மா நேரம்? வந்துச்சு, அனுப்புனேன்."

அவருக்கு யாராவது சொன்னார்களோ, இல்லையோ. எனக்குத் தெரிந்து அந்த நாற்காலியும் மாறவில்லை, ஒயரும் மாறவில்லை. காயம் ஆறியதும் வலது விரல் மறுபடி வேலைக்கு வந்துவிட்டது.

போன வருசம் ஒருநாள் காலையில் சாமி வரவில்லை. அவர் படம் வந்தது. சுற்றிப் பூ, இரண்டு பக்கமும் விளக்கு, கீழே கண்ணீர் அஞ்சலி. அனைவருக்கும் நல்லதையே பகிர்ந்தவர் என்று போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தேன்.

"ஒன் தம்பி மவனுக்குத் தட்டி வுடு யக்கா" என்றாள் மேரி.

நான் யாருக்கும் அனுப்பவில்லை. கையைக் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு நடந்து போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எல்லோர் விரலும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவர். தலைமாட்டில் அவர் பெண்சாதி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லாமப் பூட்டாரும்மா" என்றது.

வழக்கப்படி கைக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியில் கட்டியிருந்தார்கள். வலது விரலில் கெளுத்தி குத்தின இடம் கறுப்புப் புள்ளியாக அப்படியே இருந்தது. அந்த விரல் அசையாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவசரமில்லாமல் நின்று, முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.